நனைத்து இழுத்த இறக்கை

ஆம்பூருக்கு வெளியே பாலாற்று மணலில் ஏரோப்ளேன் இறங்கிய அன்று, நான் தோல் பதனிடும் ஷாப்பின் பலகைக் கொட்டகையில் ஆட்டுத்தோலுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம், பங்குனி மாதம். தலைக்கு மேலே ஏதோ இருமுகிற மாதிரி சத்தம் வந்தது. இருமல் நின்றது. சத்தமே இல்லாமல் ஒரு நிழல் கூரையைக் கடந்து போனது. குறடைக் கீழே போட்டுவிட்டு எல்லோரும் ஆற்றுக்கு ஓடினோம்.

தண்ணீர் இல்லாத ஆறு. நடு மணலில் அது நின்றுகொண்டிருந்தது. மேலொன்று கீழொன்றாக இரண்டு அடுக்கு இறக்கை. இறங்கி ஓடி வந்த வேகத்தில் கரையோரக் கருவேல மரம் ஒன்றில் வலது பக்கத்துக் கீழ் இறக்கையை உரசி, நுனியிலிருந்து ஒரு ஆள் நீளத்துக்குத் துணியைக் கிழித்துக்கொண்டிருந்தது. துணிதான். அதுவரை அந்த இறக்கை தகடு என்றுதான் நினைத்திருந்தேன். கிழிசலுக்குள்ளே மெல்லிய மரச் சட்டங்கள் வரிசையாகத் தெரிந்தன, உரித்த ஆட்டின் விலா மாதிரி.

ஓட்டி வந்தவர் வெள்ளைக்காரர் அல்ல. பட்டணத்துத் தமிழர். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். பெங்களூருக்குப் போகிற வழியில் பெட்ரோல் குழாயில் அழுக்கு அடைத்து என்ஜின் நின்றுவிட்டதாம். குழாயை அவரே கழற்றி ஊதி ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிட்டார். இறக்கைக்குத்தான் வழி இல்லை. மெட்ராஸுக்குத் தந்தி அடித்து, லினன் துணியும் அதன்மேல் பூசுகிற மருந்தும் ரயில் பார்சலில் வரவழைத்தார். வந்து சேர நாலு நாள் ஆயிற்று. அதுவரை பயணிகள் தங்குகிற முசாபர் பங்களாவில் தங்கினார்.

"நெருக்கமா, ஒரே சீராத் தையல் போடற ஆள் இங்க யாராவது இருக்காங்களா?" என்று அவர் கேட்டபோது எல்லோரும் என்னைக் கை காட்டினார்கள். பதப்படுத்திய தோலைக் கோணியில் சுற்றி, கப்பலுக்கு அனுப்புகிற பேல் கட்டுகளைத் தைப்பதும் என் பொறுப்பாக இருந்தது. ஆனால் என் முக்கிய வேலை அதுவல்ல. நான் பலகை மேஸ்திரி. ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறி வந்த தோலை ஈரத்தோடு பலகைமேல் போட்டு, நாலு பேர் நாலு பக்கமும் குறடால் பிடித்து இழுக்க, சுற்றிலும் ஆணி அடித்துக் காயவிட வேண்டும். காய்ந்த பிறகு விரலால் சுண்டினால் தப்பட்டை மாதிரி சத்தம் வர வேண்டும். சத்தம் வராத தோலை எங்கள் பாய் தூக்கி எறிந்துவிடுவார். பாய் என்றால் எங்கள் ஷாப்பில் தோலைத் தரம் பிரிக்கிறவர். என் வயதுதான் அவருக்கும். இருபது வருஷமாக ஒரே கொட்டகையில் சண்டை போட்டு வந்தோம்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புவரை படித்தவன். மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனைக்கு மணியடிக்கிற முறை எனக்கு. காலையும் மாலையும் குடும்ப ஜெபம் நடக்காமல் என் வீட்டில் யாரும் சோற்றில் கை வைத்ததில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பொய் சொல்வது என் வீட்டில் பெரிய குற்றம் என்பது தெரிந்தால்தான் மற்றது புரியும்.

பார்சல் வந்த அன்று ஏரோப்ளேன்காரர் எனக்கு வேலையைச் சொல்லிக் கொடுத்தார். இறக்கைக்குத் தென்னங்கீற்றால் ஒரு பந்தல் போட்டிருந்தோம். கிழிந்த துணியை அறுத்து எடுத்தாயிற்று. ஐந்து விலாச் சட்டங்கள் வெறுமையாக நின்றன. ஒவ்வொன்றும் கீழே கிட்டத்தட்ட நேராகவும் மேலே மேடாகவும் இருந்தது. முன்பக்கம் உருண்டை, பின்பக்கம் கத்தி முனை மாதிரி மெலிவு.

"மேஸ்திரி, நல்லாக் கேட்டுக்கங்க. துணிய நனைக்கக் கூடாது. இழுக்கவும் கூடாது. சட்டை போட்டு விடற மாதிரி சும்மா மேல போத்தித் தைங்க. கொஞ்சம் தொளதொளன்னுதான் இருக்கும், இருக்கட்டும். மேல பூசற மருந்து காயும்போது அதுவே இழுத்துக்கும்."

"செரி சார்" என்றேன்.

பெட்ரோல் டின்கள் வந்திருக்கிறதா என்று பார்க்க அவர் ஸ்டேஷனுக்குப் போனார். நான் துணியைப் போர்த்தினேன். விதவைக் கிழவியின் கன்னம் மாதிரி தொங்கியது. கொட்டகை ஆட்கள் நாலு பேர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

"ஒரு கொடம் தண்ணி கொண்டாடா" என்றேன்.

பாய் மணலில் குந்திப் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். "இன்னா மேஸ்திரி, அந்தாளு நனைக்க வேணாம்னு சொல்லிட்டுப் போனாரே?"

"பட்டணத்துப் புள்ள பாய். ஓட்டத் தெரியும், இழுக்கத் தெரியுமா? மருந்து இழுக்குமாம். மருந்துக்குக் கை இருக்குதா?"

"உனக்கு இருக்குதேன்னு எல்லாத்தையும் இழுப்பியா? வேணாம்யா. பேஜாராப் பூடும்."

"தொங்கினா நீதான தூக்கி எறிவ?"

"அது தோலுய்யா! இது பறக்குற சாமான்!"

நான் கேட்கவில்லை. துணியை நனைத்துப் பிழிந்து, நாலு பேரை நாலு பக்கம் நிறுத்தி, எங்கள் வழக்கப்படி இழுத்துப் பிடித்துத் தைத்தேன். பங்குனி வெயிலில் அரை மணியில் காய்ந்துவிட்டது. விரலால் சுண்டிப் பார்த்தேன். டங் என்றது. சிரித்தவன் இப்போது தலையை ஆட்டினான்.

அவர் திரும்பி வந்தார். தையலைக் குனிந்து பார்த்தார். "ரொம்ப அழகாப் போட்டிருக்கீங்க மேஸ்திரி. மெட்ராஸ்ல கூட இவ்வளவு சீரா வராது." பிறகு துணியை ஒரு தட்டுத் தட்டினார். புருவம் கொஞ்சம் ஏறியது. "விறைப்பா இருக்கே. இழுத்தீங்களா?"

"இல்ல சார்" என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. யோசித்துச் சொன்ன பொய்யாக இருந்தால் யோசித்தே நிறுத்தியிருப்பேன். பாய் என்னைப் பார்த்தார். பீடியை மணலில் குத்தி அணைத்தார். எழுந்து ஷாப்புக்குப் போய்விட்டார்.

மருந்து பூசுகிற வேலை இரண்டு நாள். மொத்தம் நாலு பூச்சு. டின்னைத் திறந்ததும் கனிந்து கறுத்த வாழைப்பழ வாசனை ஆற்றையே நிறைத்தது. எங்கள் சுண்ணாம்புத் தொட்டி நாற்றத்தில் வளர்ந்தவர்களுக்கு அது பெரிய அதிசயம். அதை முகரவே பெண்களும் பிள்ளைகளும் வந்தார்கள். முதல் பூச்சு காய்ந்ததும் துணி இன்னும் இறுகியது. இரண்டாவது காய்ந்ததும் அதைவிட. அவர் சொன்னது உண்மைதான். அந்த மருந்துக்குக் கை இருந்தது.

இரண்டாம் நாள் நடுப்பகல், மூன்றாம் பூச்சு காய்கிற நேரம், பந்தல் நிழலில் உட்கார்ந்திருந்தோம். பாயும் வந்திருந்தார். என்னோடு பேசவில்லை, அவரோடு பேசினார்.

"சார், ஒரு சந்தேகம். காத்துக்கு ஒடம்பே கெடையாது. அது எப்படி இத்தனாம் பெரிய சாமானத் தூக்குது?"

"ஓடணும் பாய். நின்னா தூக்காது. நீங்க ரயில்ல ஜன்னலுக்கு வெளிய கைய நீட்டினா காத்து கைய எப்படித் தள்ளுது? வேகம் வந்துட்டா காத்துக்கு ஒடம்பு வந்துடும்."

"அப்ப நான் வேகமா ஓடினா?"

"உங்க வயித்துக்கு எவ்வளவு பெரிய ரெக்கை வேணும்னு முதல்ல கணக்குப் போடணும்."

பாய் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் கேட்டேன்: "பட்டம் மாதிரிதான சார்? கீழேர்ந்து காத்து முட்டுது, மேல போவுது?"

"கீழ முட்டறதும் உண்டு மேஸ்திரி. ஆனா ஜாஸ்தி வேலை மேல்பக்கம்தான் நடக்குது."

நான் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். அவர் செய்தித்தாளின் ஓரத்தை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்தார். ஒரு முனையை உதட்டுக்குக் கீழே வைத்துப் பிடித்தார். மறுமுனை வளைந்து கீழே தொங்கியது. காகிதத்துக்கு மேலே, நேராக முன்னால் ஊதினார். தொங்கின காகிதம் எழும்பி நின்றது.

"நான் கீழ ஊதினேனா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் எழும்புச்சு?"

பாய் காகிதத்தைப் பிடுங்கித் தானும் ஊதினார். அவருக்கும் எழும்பியது. தாடிக்குள்ளே ஏதோ முணுமுணுத்துக்கொண்டு இன்னொரு தரம் ஊதினார்.

ஏரோப்ளேன்காரர் இறக்கையின் முதுகைக் காட்டினார். நான் புரிந்துகொண்ட வரையில் இங்கே எழுதுகிறேன். இறக்கை முன்னே ஓடும்போது எதிரே வருகிற காற்று இரண்டாகப் பிரிகிறது. மேலே போகிற காற்று அந்த மேட்டை ஒட்டிக்கொண்டே ஏறி, முதுகுமேல் வேகமாக ஓடுகிறது. வேகமாக ஓடுகிற காற்று, தான் போகிற இடத்தை அதிகம் அமுக்காது. கீழே இருக்கிற காற்று அதைவிட அதிகமாக அமுக்குகிறது. "ஒரு பலகைய மேலேர்ந்து ரெண்டு பேர் அமுக்கறாங்க, கீழேர்ந்து நாலு பேர் தள்றாங்க. எந்தப் பக்கம் போகும்?" என்று கேட்டார். அது எனக்கு விளங்கியது. இன்னொன்றும் சொன்னார். முதுகை ஒட்டி வந்த காற்று பின்விளிம்பை விட்டுப் போகும்போது கீழ்நோக்கிச் சரிந்து போகிறது. இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது, காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. இரண்டும் இரண்டு சங்கதி அல்ல, ஒன்றையே இரண்டு பக்கம் நின்று பார்ப்பது என்றார்.

"எல்லாம் அந்த முதுகுல இருக்குது மேஸ்திரி. காத்து அத ஒட்டிக்கிட்டே போகணும். அதுக்குத்தான் இந்த வளைவ அளந்து அளந்து செய்யறாங்க."

சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டேன்: "முதுகு கொஞ்சம் தட்டையாப் பூட்டா இன்னா ஆவும் சார்?"

"அந்தப் பக்கம் தூக்கறது கம்மியாகும். வேகமாப் போறப்ப சமாளிச்சுடலாம். கிளம்பறப்ப வேகம் கம்மி, மூக்கையும் தூக்கிப் பிடிச்சிருப்போம். அப்ப காத்து முதுக விட்டுப் பிரிஞ்சுடும். ஒரு ரெக்கை மட்டும் திடீர்னு விழும். உசரத்துல நடந்தா திருத்திக்கலாம்." ஆற்றின் கோடியில் நிற்கிற பனைமரங்களைப் பார்த்தார். "அங்க நடந்தா முடியாது."

பாய் இப்போது என்னைப் பார்க்கவில்லை. காகிதத் துண்டைச் சின்னதாக மடித்துக்கொண்டிருந்தார்.

நாலாம் பூச்சும் முடிந்தது. மறுநாள் காலை காற்று நன்றாக இருக்கும்போது கிளம்புவதாக ஏற்பாடு. மணலில் சக்கரம் புதையாமல் இருக்க, எங்கள் ஷாப்பிலிருந்து சாறு போன ஆவாரம்பட்டையை வண்டி வண்டியாகக் கொண்டு வந்து கொட்டி மிதித்து, ஆற்றுக்குள்ளே செம்பழுப்பாக ஒரு நீளப் பாதை போட்டாயிற்று. முதலாளி சாயபுவே வந்து பார்த்தார். எல்லோருக்கும் என் தையலைக் காட்டினார். "எங்க ஷாப்பு மேஸ்திரி" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் அதற்குமுன் கேட்டதில்லை.

எல்லோரும் கலைந்த பிறகு, வெயில் தணிகிற நேரத்தில், இறக்கைமேல் உள்ளங்கையை வைத்தேன். தோலின் கனம் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று கண்ணால் பார்ப்பதில்லை நாங்கள், உள்ளங்கையால்தான் பார்ப்போம். பழைய துணியின்மேல் கை ஏறி இறங்கியது. என் துணிக்கு வந்ததும் மூன்றாவது விலாவிலும் நாலாவது விலாவிலும் கை ஏற வேண்டிய அளவு ஏறவில்லை. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு நெல்மணி கனம், இரண்டு நெல்மணி கனம். பின்விளிம்பும் அந்த இடத்தில் லேசாக உள்ளே வாங்கியிருந்தது. நான் இழுத்ததும் போதாமல் மருந்தும் இழுத்திருக்கிறது. மூன்று தரம் தடவினேன். மூன்று தரமும் கை அதையே சொன்னது.

வீட்டுக்கு வந்தேன். விளக்கு ஏற்றி ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். பயணம் போகிறவர்களுக்காக வேண்டுவது எங்கள் வழக்கம். "நாளைக்கு ஆகாயத்தில் போகிற அந்த மனுஷனை, ஆண்டவரே..." என்று தொடங்கினேன். மேலே வரவில்லை. பிள்ளைகள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்கள். என் வீட்டுக்காரிதான் மிச்சத்தைச் சொல்லி ஆமென் போட்டாள்.

சோறு போடும்போது கேட்டாள்: "இன்னாங்க, ஜெபத்துல நடுவுல நிறுத்திட்டீங்க?"

சொன்னேன். நனைத்தது, இழுத்தது, இல்லை என்று சொன்னது, கை வைத்துப் பார்த்தது எல்லாம்.

அவள் கரண்டியைச் சட்டியில் வைத்தாள். "அந்த ரெக்கையில நீங்க ஏறிக் குந்துவீங்களா?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"அப்ப சொல்லிட்டு வாங்க."

"மொதலாளி எல்லார் முன்னாலயும் பெருமையாச் சொன்னாரும்மே. நாளைக்கு ஊரே வந்து நிக்கும். ஒருவேள ஒண்ணும் ஆவாதோ இன்னாவோ. ரெண்டு நெல்லு கனம்தான். ஆண்டவர் காப்பாத்துவாரு."

"காப்பாத்துவாரு, காப்பாத்துவாரு. உங்க கையாலயே காட்டிட்டாரே, இன்னும் இன்னா காட்டணும்? நீங்க நாலெட்டு நடந்து போய்ச் சொன்னா அவருக்கு வேல மிச்சம்."

ஆனாலும் அன்று நான் போகவில்லை. காலையில் சொல்லிக்கொள்ளலாம், ஆள் குறைவாக இருக்கும்போது சொல்லலாம் என்று எனக்கு நானே வாய்தா வாங்கிக்கொண்டேன். பொழுது விடிந்து நான் ஆற்றுக்குப் போனபோது ஆள் குறைவாக இல்லை. கரை இரண்டிலும் திருவிழாக் கூட்டம். ஒடுகத்தூர்ப் பக்கத்து ஆட்கள் நிலக்கடலை மூட்டைமேல் பிள்ளைகளை உட்கார வைத்து வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். முதலாளி கையில் ரோஜா மாலை. ஏரோப்ளேன்காரர் தோல் தொப்பியை மாட்டிக்கொண்டு, காலைப் படியில் வைத்து ஏறப் போனார்.

என் வீட்டுக்காரி கூட்டத்தில் எங்கே நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் நான் பார்க்கவில்லை.

"சார்" என்றேன். சத்தம் வரவில்லை. இன்னொரு தரம், "சார், போவாதீங்க" என்றேன். அது கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. கூட்டம் பேச்சை நிறுத்தியது.

"என்ன மேஸ்திரி?"

"நான் துணிய நனைச்சேன் சார். இழுத்தேன். நீங்க கேட்டப்ப இல்லன்னு பொய் சொன்னேன். மூணாவது வெலாவும் நாலாவது வெலாவும் எறங்கியிருக்குது. கை வெச்சுப் பாத்தேன்."

அவர் இறங்கி வந்தார். கையுறையைக் கழற்றிவிட்டு இறக்கைமேல் கை வைத்தார். முன்னும் பின்னும் தடவினார். குனிந்து, கண்ணை இறக்கையின் மட்டத்துக்கு வைத்துப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார். நான் அவர் கையைப் பிடித்து, அவர் விரல்மேல் என் விரலை வைத்து மெதுவாக நடத்தினேன். மூன்றாவது விலாவில் அவர் கை நின்றது.

"நான் சொன்னேனா, இல்லையா?" முதலில் மெதுவாகக் கேட்டார். பிறகு கத்தினார். "சொன்னேனா, இல்லையா? நனைக்காதீங்க, இழுக்காதீங்கன்னு தெளிவாச் சொன்னேனே? கேட்டப்பவாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் பட்டைப் பாதையில் விடுவிடுவென்று நடந்து, பனைமரம் வரைக்கும் போய்விட்டார். முதலாளி என் முகத்தைப் பார்க்காமல் மாலையைப் பாயின் கையில் கொடுத்தார். கூட்டத்தில் எவனோ, "இன்னாடா, இன்னிக்கிப் பறக்காதா? வண்டி கட்டினதெல்லாம் தண்டமா?" என்றான். சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நான் தகுதியானவன்தான்.

அவர் திரும்பி வரும்போது கையில் பேனாக்கத்தி இருந்தது. இறக்கையின் முதுகில் கத்தியை வைத்தார். தொட்ட மாத்திரத்தில் துணி டப்பென்று வெடித்துப் பிளந்தது, அவ்வளவு இறுக்கம். உள்ளே பார்த்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். மூன்றாவது சட்டத்தின் மேல்குச்சி வளைந்து, நடுவில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் ஓடியிருந்தது. நாலாவது வளைந்திருந்தது, உடையவில்லை.

"பனைமரத்துக்குக் கிட்டப் போறப்பவே விழுந்திருப்பேன்" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை.

மறுபடி மெட்ராஸுக்குத் தந்தி. இந்தத் தடவை மூன்று நாள். விரிசல் விட்ட குச்சிக்கு இரண்டு பக்கமும் மெல்லிய மரச் சிம்பு வைத்து, பசை போட்டு நூல் சுற்றி அவரே கட்டினார். துணி வந்ததும் நான் தைப்பேனா, வேறு ஆள் தேடுவாரா என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. அவர் ஊசியை எடுத்து என்னிடம் நீட்டினார். "நான் பக்கத்துலயே உட்காந்திருப்பேன்" என்றார். அப்படியே உட்கார்ந்திருந்தார்.

உலர்ந்த துணியை இழுக்காமல் போர்த்தித் தைப்பது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதை வேறு தொழில்காரருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஒவ்வொரு தையலிலும் கை தன்னால் இழுக்கப் பார்த்தது. பாய் எதிரே குந்திக்கொண்டு காவல் காத்தார்.

"ஏ, ஏ! இழுக்குற!"

"இழுக்கல பாய்."

"கட்ட வெரலு வெள்ளையாவுது. இழுக்குற. வுடு!"

விட்டேன். துணி தொங்கியது. கொட்டகை ஆட்கள் பார்த்தார்கள். சிரித்தார்களா என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாலு பூச்சுக்குப் பிறகு அது பக்கத்துப் பழைய துணியோடு ஒரே சீராக நின்றது. சுண்டினால் டங் என்று வராது. பொத்பொத்தென்று அடக்கமான சத்தம். அந்தச் சத்தம்தான் அதற்குச் சரி.

கிளம்புகிற காலை வந்தது. இந்தத் தடவை கூட்டம் பாதிக்குப் பாதிதான். மாலையும் இல்லை. காற்று ஆற்றின் நீளத்துக்கு எதிரே ஒரே சீராக அடித்தது. ஏரோப்ளேன்காரர் ஏறவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"கை வெச்சுப் பாருங்க மேஸ்திரி."

"நீங்க பாத்தீங்களே சார்."

"என் கைக்குத் தெரியாது. நீங்க சொன்னா கெளம்பறேன்."

மனுஷன் எனக்கு எதைக் கொடுக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. பொய் சொன்ன வாயிடமே வந்து கேட்கிறார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, முதல் விலாவிலிருந்து தொடங்கினேன். முன் உருண்டையில் ஏறி, முதுகைக் கடந்து, பின்விளிம்பு வரை. இரண்டாவது. மூன்றாவதில் இரண்டு தரம். நாலாவது, ஐந்தாவது. பிறகு இடப்பக்க இறக்கைக்குப் போய் அதே ஐந்தையும் தடவி, திரும்பி வந்து இதை மறுபடியும் தடவினேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

"போங்க சார்" என்றேன்.

என்ஜின் பிடித்துக்கொண்டது. பட்டைத் தூள் செம்மேகமாகப் பின்னால் பறந்தது. அது ஓடத் தொடங்கியது. முதலில் மாட்டு வண்டி மாதிரி ஆடி ஆடி, பிறகு வால் எழும்பி நேராகி, பிறகு சக்கரம் பட்டையைத் தொடுவதும் விடுவதுமாக. நான் வேறெதையும் பார்க்கவில்லை. வலப்பக்கத்துக் கீழ் இறக்கை, அதில் புதுத் துணியின் வெளுத்த இடம், அவ்வளவுதான். அதன் முதுகுமேல் இப்போது காற்று ஒட்டிக்கொண்டு ஓடுகிறது என்று நினைத்தேன். கண்ணுக்குத் தெரியாத அதை மனசால் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒட்டிக்கொண்டே போ, விட்டுவிடாதே என்று காற்றிடம் சொன்னேனா, ஆண்டவரிடம் சொன்னேனா, இப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சக்கரத்துக்கும் பட்டைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. மூக்கு உயர்ந்தது. பனைமரங்கள் கிட்ட வந்தன. மட்டைகளுக்கு மேலே ஒரு ஆள் உயரத்தில் அது கடந்தது. கடந்தவுடனே வலது இறக்கை சரசரவென்று கீழே சாய்ந்தது.

மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

"யோவ், எழுந்திரு" என்றார் பாய். "திருப்புறாருய்யா! வண்டி திருப்புறாரு!"

மெய்தான். சாய்ந்த இறக்கை சாய்ந்தபடியே வட்டம் போட்டு, ஆற்றுக்குக் குறுக்கே வந்து மட்டமானது. வடமேற்கே திரும்பி, சாத்கர் மலைப் பக்கம் சின்னதாகிக்கொண்டே போனது. சத்தம் நின்ற பிறகும் கூட்டம் வாயைத் திறந்துகொண்டு நின்றது. என் வீட்டுக்காரி பக்கத்தில் வந்து நின்றாள். என் வேட்டியிலிருந்த பட்டைத் தூளைத் தட்டிவிட்டாள். "வேலைக்கு நேரமாச்சு, போங்க" என்றாள்.

போய்ச் சேர்ந்ததும் தந்தி அடிப்பதாக அவர் சொல்லியிருந்தார். காலையெல்லாம் என்ன வேலை செய்தேன் என்று எனக்கே தெரியாது. பசி இல்லை. சாப்பாட்டு மணி அடித்தும் தூக்குச் சட்டியைத் திறக்காமல் கொட்டகை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் சாய்கிற நேரத்தில் பாய் கையில் ஒரு காகிதத்தோடு வந்தார். நடையிலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் எப்போதும் ஒரே மாதிரிதான் நடப்பார்.

எதிரே வந்து நின்று படித்தார்: "பத்திரமாக வந்து சேர்ந்தேன். பலகை மேஸ்திரியிடம் சொல்லவும்."

காகிதத்தை மடித்தார். "சொல்லிட்டேன்" என்றார். என் சட்டைப் பையில் அதைச் செருகிவிட்டுத் தன் தோல் குவியலுக்குப் போய்விட்டார்.

நான் கொட்டகைக்குப் பின்னால், ஆள் இல்லாத இடத்தில் முழந்தாளிட்டேன். அரை நிமிஷம் இருக்கும். வார்த்தை ஒன்றும் வரவில்லை, தேவைப்படவும் இல்லை. பிறகு தூக்குச் சட்டியைத் திறந்தேன். சோறு ஆறிப்போயிருந்தது. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.